முகத்தை மறைத்துப் பார்

ஒருவேளை உண்மையாக இருந்துவிட்டால் என்றுதான் தமயந்திக்கும் முதலில் தோன்றியது. தலைமையாசிரியை நீட்டிய கைபேசியில் போர்வை விற்கும் ஒரு பெண்ணின் படம். பிள்ளை பிடிப்பவள் நம் ஊருக்குள் வந்துவிட்டாள் என்று கீழே எழுதியிருந்தது. வதந்திப் படங்களைச் சோதிக்க வகுப்பில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பதுபோல், கட்டைவிரலால் முகத்தை மறைத்துக்கொண்டு மீதியைப் பார்த்தாள். தெருவெல்லாம் மழைத்தண்ணீர், பின்னால் குடைகள். இங்கே மழை பெய்து மாதங்களாகிவிட்டன.

“இது நம்ம ஊரே இல்ல மேடம்.”

“எந்த ஊரா இருந்தா என்ன டீச்சர்? பேரன்ட்ஸ் குரூப்புல போட்டுருங்க. இதப் பத்திப் பாடம் எடுக்குறவங்க நீங்க, நீங்க போட்டாதான் நம்புவாங்க. பொய்யா இருந்தா யாருக்கு என்ன நஷ்டம்?”

பள்ளி வாசலில் ஒரு போர்வைக்காரி கூவிக்கொண்டிருந்தாள். இன்னும் சற்று நேரத்தில் பெற்றோர்கள் பிள்ளைகளை அழைத்துப்போக வந்துவிடுவார்கள்.

தமயந்தி விரலை எடுத்தாள். அதுவரை அந்த முகத்தை அவள் சரியாகப் பார்த்திருக்கவில்லை. படம் எடுத்தவரை வாங்க வந்தவர் என்று நினைத்து, போர்வையை விரித்துக் காட்டிச் சிரித்துக்கொண்டிருந்தாள் அந்தப் பெண்.

கைபேசியை மேசைமேல் வைத்து, தலைமையாசிரியையின் பக்கமாக மெல்ல நகர்த்தினாள்.

“நான் போடல மேடம்.”