கெல்தாவிலிருந்து முதல் புகார்

"ஏய் பால்காரி, கையில என்ன? கொடு இங்க!"

கும்போவின் கையிலிருந்த சின்ன அட்டையைப் பிடுங்கி, நாலாகக் கிழித்து, காலடியில் போட்டு மிதித்தார் சார்ஜன்ட் கியாரி. பிறகு அடுத்தவளிடம் கை நீட்டினார். கெல்தா சந்தை மொத்தமும் வேடிக்கை பார்த்தது.

பிபாத்தாவுக்கு ரத்தம் கொதித்தது. கூட்டுப்படையோடு ஏரிக்கரை ஊர்களைச் சுற்றிவரும் மனித உரிமை அதிகாரி அவள். சிப்பாய்கள் அடித்தாலோ, ஆளைத் தூக்கிக்கொண்டு போனாலோ காசில்லாமல் கூப்பிட்டுப் புகார் சொல்ல ஓர் எண். அதை அட்டையில் அச்சடித்து, தலைநகர் நியாமேயிலிருந்து புழுதியில் குளித்துக் கொண்டுவந்து, இப்போதுதான் ஒவ்வொரு பெண்ணின் கையிலும் கொடுத்து முடித்திருந்தாள்.

"சார்ஜன்ட், என்ன பண்றீங்க?"

"குப்பை பொறுக்குறேன் மேடம். இந்த மாட்டு மூளைக்காரிங்களுக்கு நம்பர் ஒரு கேடா?"

"உன் மீன் நாத்தத்துக்கு எங்க மாடு எவ்வளவோ தேவலை!" என்றாள் கும்போ. பெண்கள் சிரித்தார்கள்.

கியாரியின் இனமான கனூரிகளுக்கும் கும்போவின் இனமான ஃபுலானிகளுக்கும் மாமன் மச்சான் மாதிரிக் கேலி முறை உண்டு. என்ன திட்டினாலும் கோபித்துக்கொள்ளக் கூடாது. அது பிபாத்தாவுக்கும் தெரியும்.

"கேலி வேற சார்ஜன்ட், கிழிக்கிறது வேற. உங்க மேல புகார் வந்துடும்னு பயமா?"

கியாரி சந்தையைச் சுற்றி ஒரு பார்வை பார்த்தார். எந்தச் சந்தையிலும் இருப்பதுபோல, எந்த ஊர் என்று தெரியாத நாலைந்து முகங்கள் இங்கேயும் நின்றன.

"ஆமா மேடம், பயம்தான்," என்றார் சத்தமாக.

இதற்குமேல் என்ன வாக்குமூலம் வேண்டும்?

முகாமில் கர்னல் முன்னால் விசாரணை நடந்தது. கேள்வி கேட்டவள் பிபாத்தாதான்.

"கடைசியா கேக்கறேன். ஏன் கிழிச்சீங்க?"

"காரணம் சொன்னா எழுதுவீங்களா மேடம்?"

"பின்னே? எழுதத்தானே உக்காந்திருக்கேன்."

"இத யார் சொன்னதுன்னு பேரும் எழுதுவீங்களா?"

"சாட்சி பேர் இல்லாம அறிக்கை ஏது? இங்கேருந்து தலைமையகம் வரைக்கும் படிப்பாங்க."

கியாரி எழுந்து விறைப்பாக நின்றார்.

"அப்ப சொல்றதுக்கு ஒண்ணுமில்ல மேடம்."

என்ன திமிர்! அதையும் எழுதினாள். கர்னலுக்கும் வேறு வழியில்லை. கியாரியை வடக்கே, மணலுக்குக் காவல் காக்க அனுப்பிவிட்டார்கள். நியாமேயிலிருந்து பிபாத்தாவுக்குப் பாராட்டு வந்தது. பாராட்டு மட்டும் இந்த நாட்டில் சீக்கிரம் வந்து சேர்ந்துவிடும்.

புது அட்டைகளுக்குச் சொல்லி அனுப்பிவிட்டுக் காத்திருந்தாள். மழைக்காலம் தொடங்கிய பிறகு, ஒரு மத்தியானம் புகார் போன் அடித்தது.

"தாயி, பட்டாளத்து மேல புகார் சொல்ற இடம்தானே?"

"ஆமாம்மா. எந்த ஊர்?"

"கெல்தா. என் பேரு கும்போ."

பிபாத்தா நிமிர்ந்து உட்கார்ந்தாள். கெல்தாவில் ஓர் அட்டைகூட மிஞ்சவில்லையே!

"இந்த நம்பர் உங்களுக்கு எப்படிக் கிடைச்சுது?"

"அட்டைய கிழிச்சாரே, அந்த சார்ஜன்ட் கொடுத்தாரு. அன்னிக்கு சாயங்காலமே நாங்க கம்பு குத்துற இடத்துக்குத் தண்ணி கேக்குற மாதிரி வந்தாரு. உலக்கை ஒவ்வொரு தடவை விழறப்பவும் ஒரு எண்ணு. உலக்கைப் பாட்டோட சேத்துப் பாட வெச்சுட்டாரு. இப்ப ஊர்ப் பொம்பளைங்க எல்லாருக்கும் மனப்பாடம். கேக்குறவனுக்கு அது வெறும் பாட்டு."

"அப்புறம் எதுக்கு அட்டைய கிழிக்கணும்?"

"ஏரிக்கு அந்தப் பக்கம் என் அக்கா ஊர்ல, அந்த அட்டைய முந்தானையில முடிஞ்சு வெச்சிருந்த ரெண்டு பொம்பளைங்கள, பட்டாளத்தோட சண்டை போடுற காட்டுக்காரனுங்க கழுத்த அறுத்துட்டானுங்க. பட்டாளத்துக்கு உளவு சொல்ற சீட்டாம்."

அந்த ஊரில் அட்டை கொடுத்ததும் பிபாத்தாதான். கும்போ பேசிக்கொண்டே போனாள்.

"வாங்காட்டி பட்டாளத்துக்குச் சந்தேகம். வாங்கினா காட்டுக்காரனுக்குச் சந்தேகம். அந்த அதிகாரியம்மா கொடுத்துட்டு நகர்ந்ததும் நான்தான் சார்ஜன்ட் காதுல சொன்னேன். யார்கிட்டயும் என் பேர சொல்லிடாதீங்க, எம் புள்ளைங்க அநாதையாயிடும்னேன். எல்லார் கண்ணுக்கும் தெரியற மாதிரி கிழிச்சுக் காப்பாத்தினாரு. கடைசி வரைக்கும் என் பேர சொல்லவே இல்ல."

பிபாத்தா புகார்ப் புத்தகத்தில் புதுப் பக்கத்தைத் திருப்பினாள்.

"இப்ப... இப்ப என்ன புகார்மா?"

"அவர் எடத்துக்கு வந்தவன் என் பெரிய மகன தூக்கிட்டுப் போயிட்டான் தாயி. மாடு மேய்க்கப் போன பையன். மாடுங்க மட்டும் வீட்டுக்கு வந்துச்சு. முகாம் வாசல்ல போய் நின்னா, அப்படி ஒருத்தன் இங்க இல்லைன்னு விரட்டுறாங்க. சார்ஜன்ட் இருந்திருந்தா இது நடக்குமா?"

"மகன் பேர் சொல்லுங்க. எழுதிக்கறேன்."

"சொல்றேன். அதுக்கு முன்னாடி இன்னொரு புகார் இருக்கு."

"சொல்லுங்க."

"எங்க சார்ஜன்ட் மேல எழுதி வெச்சு, அவர யாரோ மாத்திட்டாங்களாமே. அவங்க பேரு எனக்குத் தெரியாது. அவங்க மேலயும் இந்த நம்பர்லயே எழுதிக்குவீங்களா தாயி?"