அடிப்பக்கத்துக்கு ஆகாய நீலம்

கராஜ் மேஜையில் கிளைடர், ரிமோட்டில் பறக்கும் எஞ்சின் இல்லாத மாடல் விமானம், மல்லாந்து கிடந்தது. வெர்லின் அதன் ஆரஞ்சு வயிற்றை உப்புத்தாளால் தேய்த்துக்கொண்டிருந்தார்.

அழுத்தித் தேய்த்தால் மேலே ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் படலம் கிழிந்துவிடும். தேய்க்காமல் விட்டாலோ, அந்த வழவழப்பில் பெயிண்ட் நிற்காது. முதல் வெயிலிலேயே செதில் செதிலாக உரியும். பளபளப்பு மட்டும் போனால் போதும்.

அந்தப் படலத்தை இஸ்திரிப் பெட்டி வைத்து ஒட்டியவள் அவர் மனைவி மாவிஸ். ஆரஞ்சைத் தேர்ந்தெடுத்ததும் அவள்தான். எவ்வளவு உயரம் போனாலும் கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்றாள். அவள் போய்ச் சேர்ந்த பிறகு இந்த வீட்டில் இரண்டு குளிர்காலம் கழிந்துவிட்டது.

இரவல் வாங்கிப்போன டிரில்லிங் மெஷினைத் திருப்பிக் கொடுக்க வந்த டுவேன், கராஜ் வாசலைத் தாண்டவில்லை. மாடல் விமான கிளப்பில் நெடுநாள் கூட்டாளி. அவருடைய டிரக் வெளியே எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க நின்றது. இப்போதெல்லாம் இந்த வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாரும் அப்படித்தான் வருகிறார்கள். சர்ச்சிலிருந்து மூடிபோட்ட பாத்திரத்தில் சாப்பாடு கொண்டுவரும் பெண்கூட எஞ்சினை அணைப்பதில்லை.

டுவேனின் பார்வை ஸ்பிரே டப்பாவில் விழுந்தது. வெளிர் நீலம்.

"யோவ், அடிப்பக்கத்துக்கா நீலம்? வானத்தோட வானமா போயிடும்யா. கிளப்புல நேத்து சேந்தவன்கூட இந்த வேலையப் பண்ண மாட்டான். போன வருஷம் தொலைச்சது பத்தலையா உனக்கு?"

"பாக்க அழகா இருக்கும்னு தோணுச்சு."

"இருக்கும், இருக்கும். மேல போனா நீதான் பாக்க முடியாது."

தலையில் அடித்துக்கொண்டு டுவேன் கிளம்பினார். டிரக் சத்தம் சரளைக்கல் பாதையில் தேய்ந்து மறைந்தது. அதன் பிறகு உப்புத்தாளின் சத்தம் மட்டும்தான்.

வெர்லினுக்கா தெரியாது? புதிதாக வருகிறவர்களுக்கு அவரே எத்தனையோ முறை சொன்னதுதான். வயிறு கண்ணைப் பறிக்கிற நிறத்தில் இருக்க வேண்டும். இல்லையென்றால் விமானம் எந்தப் பக்கம் சாய்கிறது என்று தெரியாது. தெரியாவிட்டால் அது உன்னுடையது இல்லை.

போன சனிக்கிழமைகூட அவர் அதை விட்டுவிடத்தான் பார்த்தார். வெதுவெதுப்பான காற்று தூக்கத் தூக்க கிளைடர் மேலே போனது. போகட்டும், போகட்டும் என்று ரிமோட்டைச் சும்மா பிடித்துக்கொண்டு நின்றார். ஆனால் அந்த ஆரஞ்சுப் புள்ளி கண்ணில் படுகிற வரைக்கும் விரல்கள் அவர் பேச்சைக் கேட்கவில்லை. பழகிய விரல்கள். அதைத் திருப்பி, இறக்கி, காலடியில் கொண்டுவந்து வைத்துவிட்டன. அதற்கு முந்தைய சனிக்கிழமையும் இதே கதைதான்.

கண்ணுக்குத் தெரியாமல் போனால்தான் விரல்கள் விடும்.

ஸ்பிரிட் தொட்ட துணியால் தூசியைத் துடைத்தார். இறக்கையின் அடியில் ஒரு சின்னச் சதுரத்தை மட்டும் டேப் ஒட்டி மறைத்தார். பிறகு டப்பாவைக் குலுக்கி, லேசாக, மிக லேசாக அடித்தார். காய விட்டு மறுபடி அடித்தார். ஆரஞ்சு முதலில் சேற்று நிறமாக மாறியது. பிறகு நீலம் பிடித்தது.

மாவிஸின் நிறம் கடைசியாக மறைந்தபோது டப்பாவைக் கீழே வைத்தார்.

"கோவிச்சுக்காதடி" என்று வாய்விட்டே சொன்னார்.

காய்ந்திருந்த இடத்தில் டேப்பின் முனையை ஒட்டி மெல்ல இழுத்துப் பார்த்தார். பெயிண்ட் அதோடு உரிந்து வரவில்லை. அப்பாடா என்றிருந்தது.

வெளியே அயோவாவின் சோள வயல்கள் அறுவடை முடிந்து மொட்டையாகக் கிடந்தன. அதற்காகத்தான் காத்திருந்தார். ஆளுயரச் சோளத்துக்குள் விழுந்தால் யார் கண்ணில் படும்? நாளைக்கு மேற்குக் காற்று என்று வானொலியில் சொன்னார்கள். கிழக்கே பண்ணை வீடுகள் இருக்கின்றன. கிளைடரோ இறகு மாதிரி கனம். காற்று விட்ட இடத்தில் தானாகச் சாய்ந்து இறங்கிவிடும்.

சதுரத்தின் மேலிருந்த டேப்பை உரித்தார். நீலத்துக்கு நடுவே கொஞ்சம் ஆரஞ்சு மிச்சம் இருந்தது. கிளப் விதிப்படி அதில் அவருடைய பெயரும் முகவரியும். அந்த எழுத்துகளின் மேலேயே கறுப்புப் பேனாவால் இன்னும் தடிப்பாக எழுதினார்.

பிறகு முன்வாசலுக்குப் போய் அழைப்புமணியின் பேட்டரியை மாற்றினார். வெளியே நின்று தானே அழுத்தி, உள்ளே ஒலிப்பதைக் கேட்டுக்கொண்டார். அலமாரியிலிருந்து இரண்டாவது காப்பிக் கோப்பையை எடுத்து, தூசி போகக் கழுவிக் கவிழ்த்து வைத்தார்.

போன வருஷம் அக்டோபரில் கிளைடர் நிஜமாகவே தொலைந்தது. தன் வயலை அறுக்கும்போது அதைக் கண்டெடுத்த ட்வைலா என்ற பெண், முகவரி பார்த்து இங்கே கொண்டுவந்தாள். அதற்கு முன்பு அவளை அவருக்குத் தெரியாது. காப்பி குடிக்கிறாயா என்று கேட்டதற்கு உள்ளே வந்து உட்கார்ந்தாள். சுவரிலிருந்த படத்தைக் காட்டி, இவங்க யாரு என்று கேட்டாள்.

அவர் சொன்னார். இருட்டும்வரை சொல்லிக்கொண்டே இருந்தார்.

வண்டியின் எஞ்சினை அவள் அணைத்துவிட்டு வந்திருந்தாள்.