கால் மணி நேர வேட்பாளர்

"நாடு முழுக்கச் சேர்த்து மூவாயிரத்துச் சொச்சம் வோட்டு! அதுக்கு ஒரு பக்கமோ அக்கா?"

கணேசலிங்கம் தாளை மேசையில் எறிந்தார். ஜெர்மனியின் கெல்சென்கிர்ச்சன் நகரில் எந்தத் தமிழ் வீட்டில் சாவு விழுந்தாலும் முப்பத்தோராம் நாளுக்கு நினைவுமலர் செய்து கொடுப்பவர் அவர்தான். தமிழ்ச் சங்கத் தலைவரும் அவர்தான்.

வீட்டுக்காரி பற்றிமா எதிரில் இருந்தார். இறந்துபோன அருட்பிரகாசம் அவருடைய கணவர். ஒரு காலத்தில் இலங்கையில் ஜனாதிபதித் தேர்தலில் நின்று தோற்றவர். இங்கே அது அநேகமாக யாருக்கும் ஞாபகமில்லை.

"மலர் முழுக்க உங்கட விருப்பம் தம்பி. அந்த ஒரு பக்கம் மட்டும் இருக்கட்டும்."

"சனம் சிரிக்கும் அக்கா. அண்ணை நல்ல மனுசன், மாதா கோயிலில வாசகம் வாசிச்சவர், அதை எழுதுவம். அரசியலில அவர் என்னத்தைக் கிழிச்சவர்?"

"மாமா, மரியாதையாக் கதையுங்கோ." மகன் டெனிஸ்டன் எழும்பிவிட்டான்.

"உண்மையைச் சொன்னால் கோவம் வரும்தான். வேட்பாளர் எண்டு ரேடியோவில கால் மணித்தியாலம் குடுத்தவங்கள். நாடே கேட்குது. உன்ர கொப்பர் வோட்டுக் கேட்டவரோ? ஆமி பிடிச்சுக்கொண்டு போன பெடியளின்ர பேரை ஒவ்வொண்டா வாசிச்சார். கூப்பன் கடையில அரிசிக்குப் பேர் கூப்பிடுற மாதிரி! பாதியில நிப்பாட்டிப் போட்டாங்கள்."

"அதுக்காகத்தான் தம்பி அவர் நிண்டதே." என்றார் பற்றிமா. "வெல்லுறதுக்கில்லை. வேட்பாளர் எண்டால்தான் ரேடியோவில வாய் திறக்க விடுவாங்கள். பேர் வெளியில வந்திட்டால், பிடிச்சவன் பிறகு இல்லையெண்டு சொல்ல ஏலாது."

"சரி. அதால தப்பின ஒருத்தனைக் காட்டுங்கோ. ஒரே ஒருத்தன்! பக்கத்தை நானே முன்னுக்குப் போடுறன்."

பற்றிமாவின் கை மேசையிலிருந்த செபப்புத்தகத்துக்குப் போனது. திறக்கவில்லை. அதன் மேலேயே கையை வைத்துக்கொண்டார்.

"எனக்குத் தெரியாது தம்பி. பக்கத்தை எடுத்து விடுங்கோ."

"அம்மா! உங்களுக்கென்ன விசரோ?"

"நீ பேசாமல் இரு. செய்ததைச் சொல்லிக் காட்டக்கூடாது எண்டு அப்பா சொன்னவர்."

கணேசலிங்கம் பேனையைத் திறந்தார். பக்கத்தின் குறுக்கே கோடு இழுக்கக் குனிந்தார்.

தேத்தண்ணித் தட்டு மேசையில் 'டமார்' என்று இறங்கியது. கொண்டுவந்தது, குசினியில் தேத்தண்ணி போட்டுக்கொண்டிருந்த கணேசலிங்கத்தின் மனைவி பிறேமா.

"பேனையை மூடுங்கோப்பா."

"நீர் உள்ள போம். இது உமக்கு விளங்காது."

"எனக்கோ விளங்காது? அக்கா, கையை எடுங்கோ."

"வேண்டாம் பிறேமா..."

பிறேமா கேட்கவில்லை. செபப்புத்தகத்துக்குள் இருந்த பழுத்த தாளை உருவி டெனிஸ்டனிடம் நீட்டினார்.

"தம்பி, இதுதான் உங்கட அப்பா ரேடியோவில வாசிச்ச தாள். எந்தப் பேரோட நிப்பாட்டினவங்கள் எண்டு கோடு கீறி வைச்சிருக்கிறார். அந்தப் பேருக்குரிய ஆளை மூண்டாம் நாள் வெளியில விட்டவங்கள். பிறகு இதே தாளின்ர கொப்பியைக் காட்டித்தான் அந்த ஆளுக்கு இஞ்ச அகதி அசூலும் கிடைச்சது. கொப்பி எடுக்க அந்த ஆளோட இந்த வீட்டுக்கு வந்தது நான். வாசி தம்பி! அப்பா வாசிச்ச மாதிரிப் பலமா வாசி."

கணேசலிங்கத்தின் பேனை மூடி கீழே உருண்டது. அவர் அதை எடுக்கவில்லை.

டெனிஸ்டன் தாளை விரித்து, கோட்டுக்கு மேலே இருந்த கடைசிப் பேரை வாசித்தான்.

"இருவத்தேழு. கந்தையா கணேசலிங்கம், கரவெட்டி."