வீடு அறிந்த வயிரவன்

மெய்யம்மையின் ஐந்து மாத மகனுக்குச் செட்டிநாட்டு வழக்கப்படி மாமனார் பெயரையே வைத்தார்கள்: வயிரவன். அந்தப் பெயரை அவள் வாயால் சொல்வதில்லை. பிள்ளை என்றுதான் கூப்பிடுவாள்.

கிழவரின் நெஞ்சிலும் குழந்தையின் காலிலும் மூச்சைக் கவனிக்கும் வெவ்வேறு கம்பெனிக் கருவிகள்; கேட்டால் வீடே குரலில் பதில் சொல்லும். "ரெண்டும் வேற வேற சிஸ்டம் சார். வீட்டு நெட்வொர்க்ல ஒரே பேரைக் குடுத்தா குழம்பிடும்" என்றார் பொருத்த வந்தவர்.

"எங்க அப்பச்சி பேரை மாத்தவா? போய்யா!" என்று தன் தகப்பனார் பெயருக்காக எகிறினான் கணவன். இரண்டு கருவிகளும் வயிரவன் என்றே பதிவாயின; பிள்ளை என்றாலும் வயிரவன்தான் என்று வீட்டுக்குச் சொல்லிவைத்தார்கள்.

இன்று சமையல் முடிவதற்குள் மூன்று முறை, "பிள்ளை எப்படி இருக்கான்?" என்று வீட்டைக் கேட்டாள். மூன்று முறையும், "வயிரவன் மூச்சு சீராக இருக்கிறது" என்றது வீடு.

பால் கொடுக்கத் தூக்கினாள். குழந்தை சில்லிட்டுப் போயிருந்தது.

"வயிரவா!" என்று முதன்முறையாக அந்தப் பெயரைச் சொல்லி அலறினாள்.

கூடத்தில் தூங்கிக்கொண்டிருந்த மாமனார் எழுந்து உட்கார்ந்தார். "என்ன ஆத்தா, கூப்பிட்டியா?"