உச்சிப் பறவை

காமீல் மறுபடியும் விட்டுக்கொடுத்தான். "சரிண்ணே, போட்டிய உங்க கம்பத்துலயே வச்சுக்கலாம்" என்று சொல்லிவிட்டு பீரை எடுத்து உறிஞ்சினான்.

மெடார்ட்டுக்கு நம்ப முடியவில்லை. அந்த ஃபிளாண்டர்ஸ் கிராமத்தில் செபஸ்தியார் வில் சங்கத்துக்கு அவர் தலைவர், மார்த்தீனார் வில் சங்கத்துக்குக் காமீல் தலைவன். எதிராளி கூட்டத்துக்குத் தன் ஆள் போய்விடக் கூடாது என்பதற்காகவே இரண்டு சங்கமும் தலைமுறை தலைமுறையாக ஒரே நாளில் போட்டி வைத்துவந்தன.

வில் சங்கங்களுக்கு மேலே இருந்த கூட்டமைப்புக்குப் பொறுமை போய்விட்டது. ஒரே போட்டி, ஒரே முறை, ஒரே சங்கம் என்று ஆகாவிட்டால் இந்த ஊர்ப் பட்டம் எதுவும் செல்லாது என்று சொல்லி, செயலாளர் கோடலீவ் அம்மாளை இரண்டு பேரையும் உட்காரவைத்துப் பேசி முடிக்க நேரே மதுக்கடைக்கே அனுப்பிவைத்தது.

மெடார்ட்டுக்கு இந்த ஆண்டுப் பட்டம் உயிர். கம்பத்தின் உச்சியில் செருகிய இறகுப் பறவையை மொட்டை அம்பால் வீழ்த்துகிறவன் அந்த ஆண்டுக்கு ராஜா. ஒரே சங்கத்தில் தொடர்ந்து மூன்று ஆண்டு வீழ்த்தினால் சாகும்வரை சக்கரவர்த்தி. செத்த பிறகும் வில்லாளிகள்தான் பெட்டியைச் சுமப்பார்கள். அவருடைய அப்பா அப்படிப் போனவர். மகன் இரண்டு ஆண்டு தொடர்ந்து ராஜாவாகிவிட்டார், மூன்றாவதுதான் பாக்கி.

அடுத்த ஆண்டுப் பெந்தெகொஸ்தே திருநாளை நம்ப வேண்டாம் என்று நுரையீரல் டாக்டர் சொல்லியிருந்தார். அது ரகசியம் என்று மெடார்ட் நினைத்துக்கொண்டிருந்தார். அவர் இருமிய இருமலில் ஊருக்கே தெரிந்திருந்தது.

போட்டியைச் செப்டம்பர்த் திருவிழாவில் வைக்கலாம் என்றது காமீல் தரப்பு. அந்த நுரையீரல் செப்டம்பர்வரை தாங்காது. வருகிற மே மாதப் பெந்தெகொஸ்தே திங்களைத் தவிர வேறு நாள் கிடையாது என்று மேசையைத் தட்டினார் மெடார்ட். கிடைத்தது. கப்பி வைத்த நவீன வில் கூடாது, மரவில்தான் என்றார். காமீலின் ஆட்களுக்கு மரவில்லைப் பிடிக்கவே தெரியாது, ஆனாலும் அதுவும் கிடைத்தது.

விட்டுக்கொடுக்கிற ஆளா காமீல்? எலி ஏன் அம்மணமாய் ஓடுகிறது என்று யாராவது கேட்டிருக்க வேண்டும். ஜெயித்துக்கொண்டிருக்கிறவனுக்கு அதெல்லாம் தோன்றாது.

கடைசியில் சங்கத்தின் பெயருக்கு வந்தார்கள். "உங்க செபஸ்தியார் சங்கமே இருக்கட்டும்ணே, நாங்க வந்து சேந்துக்குறோம்" என்றான் காமீல். "மார்த்தீனார் பேர மட்டும் பின்னாடி ஒட்டிக்கிட்டாப் போதும்."

மெடார்ட்டுக்கு ரத்தம் தலைக்கேறியது. அப்பாவின் சவ ஊர்வலத்தில் தொப்பியைக்கூடக் கழற்றாத கூட்டம் இது. "எங்கப்பா சங்கத்துப் பேருக்குப் பின்னாடி உங்க பேரா? அதுக்கு ரெண்டு சங்கத்தையும் இழுத்து மூடிரலாம். புதுப் பேரு வைங்க, ராஜாவுக்குப் புதுச் சங்கிலி செய்ங்க."

காமீல் பீர்க் கோப்பையைக் கீழே வைத்தான். "எல்லாமே புதுசா? நல்லா யோசிச்சுச் சொல்லுங்கண்ணே."

"எல்லாம் புதுசு. பழசுல ஒரு ஆணிகூட வேணாம்."

அப்படியே எழுதட்டுமா என்று கோடலீவ் அம்மாள் இன்னொரு தடவை கேட்டார். எழுதச் சொல்லி, முதல் கையெழுத்தையும் மெடார்ட்டே போட்டார். ராஜாக்களின் பெயர் பொறித்த வெள்ளித் தகடுகள் தொங்கும் பழைய சங்கிலி, அப்பாவின் தகட்டோடு, கோயில் பெட்டிக்குள் போனது.

பெந்தெகொஸ்தே திங்களன்று நல்ல காற்று. காமீலின் ஆட்கள் விட்ட அம்புகள் பறவைப் பக்கமே போகாமல், தகரக் கொட்டகைமேல் மடமடவென்று விழுந்தன. கீழே நின்றவர்கள் கருப்புத் தொத்திறைச்சியைத் தின்றுகொண்டே கேலி பேசினார்கள். மெடார்ட் கொட்டகைக்குள் நாற்காலி போட்டு உட்கார்ந்து, தன் முறை வரும்போது மட்டும் எழுந்து வந்தார். இரண்டு கை பிடித்து எழுப்ப வேண்டியிருந்தது.

மூச்சைப் பிடித்துக்கொண்டு நாணை இழுத்தார். அம்பு போனது தெரிந்தது. பறவை சுழன்று சுழன்று புல்லில் வந்து விழுந்தது. அப்பாவுக்குச் சமமாகிவிட்டோம் என்ற சந்தோஷத்தில் அந்தக் கிழவர் எல்லார் முன்னாலும் அழுதார்.

சங்கிலி சூட்டிக்கொள்ள மண்டியிட்டார். சக்கரவர்த்தி வாழ்க என்ற முழக்கத்துக்காகக் காது ஏங்கியது. கோடலீவ் அம்மாள் புதுச் சங்கிலியைக் கழுத்தில் போட்டார். ஒரு தகடும் இல்லாத அது நூல் போலக் கனமே இல்லாமல் கிடந்தது. புதுச் சங்கத்தின் முதல் ராஜா என்று அவர் அறிவிக்க, எல்லாரும் கை தட்டினார்கள்.

இது தனக்கு மூன்றாவது தடவை என்றார் மெடார்ட். யாரோ மறந்துவிட்டார்கள் என்றுதான் நினைத்தார்.

கோடலீவ் அம்மாள் குனிந்து குரலைத் தாழ்த்திக்கொண்டார். "அதெல்லாம் செபஸ்தியார் சங்கத்துலங்கய்யா. அந்தச் சங்கம்தான் இப்ப இல்லயே."

மெடார்ட் எழுந்திருக்கப் பார்த்தார். எதையோ சொல்ல வாயெடுத்தார், இருமல் வந்துவிட்டது. காமீல் ஓடிவந்து தோளைத் தாங்கிப் பிடித்துக்கொண்டான். இருமல் அடங்கும்வரை முதுகைத் தடவிக்கொடுத்துவிட்டு, காதோரம் வாயை வைத்தான்.

"அடுத்த வருஷமும் தவறாம வந்துருங்கண்ணே."