கால்வாய் எல்லாம் துப்புரவு

1993ஆம் ஆண்டு இத்தாலியின் பலேர்மோ நகரில் வாழ்ந்த தமிழர்களுள் பொய்யே பேசாதவன் தான் ஒருவன்தான் என்பது சிவபாலனின் உறுதியான முடிவு. அதை அவன் மனைவி குகனேஸ்வரிக்கு நாளுக்கு மூன்று தடவை அறிவிப்பான்.

"நீ வேலை செய்யிற வீட்டு இஞ்சினியருக்கு டெலிபோனிலை என்ன சொன்னனீ? மழைத்தண்ணி சுரங்கத்துக்குள்ளை இறங்காமல் மறிக்கிற கால்வாயெல்லாம் துப்புரவாம். நிலக்கரியைக் கண்ணாலையும் காணாத நீ!"

"வானம் இருண்டால் மனுசனுக்குச் சாப்பாடு இறங்காது. அதுதான் சொன்னனான்."

"உன்ரை பொய்யை நம்பி அங்கை எத்தினை பேர் தாழப் போறாங்களோ!"

"எனக்கு இண்டைக்குக் காய்ச்சல். நீங்களே போய் உண்மையைச் சொல்லுங்கோவன்."

சிவபாலன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு லிபெர்த்தா வீதியிலிருந்த அந்த வீட்டுக்குப் போனான். வழியிலேயே இடி முழங்கியது. இஞ்சினியர் மழைக்கோட்டோடு, தொடாத சூப்புக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார்.

"சுரங்கத்தின்ரை நம்பரைத் தாங்கோ" என்று சிவபாலன் அவருடைய மகளிடம் கேட்டான். "கால்வாய் எப்பிடியெண்டு நான் விசாரிக்கிறன்."

மகள் குரலைத் தாழ்த்தினாள். "எந்தச் சுரங்கம்? அதை எழுபத்தெட்டிலேயே மூடியாயிற்று. அந்தக் குழி இப்போது ஏரி. அப்பாவுக்குத்தான் அது நினைவில் நிற்பதில்லை."

கிழவர் சிவபாலனைக் கைகாட்டிக் கூப்பிட்டார். "கால்வாய்கள் என்ன மாதிரி? தோண்டிக் கொட்டிய மண்மேடு கரைகிறதா?"

சிவபாலன் மெல்லத் தொண்டையைச் செருமினான்.

"கால்வாயெல்லாம் துப்புரவு, ஐயா. மண்மேட்டிலை விதைச்ச புல்லும் முழங்கால் உயரத்துக்கு வந்திட்டுது. இப்பத்தான் பாத்திட்டு வாறன்."

கிழவர் கரண்டியை எடுத்தார்.