ஏழுக்கு ஒன்று
நடுவர் உயர்த்திப் பிடித்த கையோடு மல்யுத்த வீரன் போகுமில் நிற்கிறான். முப்பத்தெட்டு வயதில் மறுபடியும் போலந்துச் சாம்பியன். இதுதான் கடைசிப் போட்டி. ஜன்னல் வெயில் விழும் விரிப்பின் நடுவில் போய் உட்காருகிறான். விடைபெறும் மல்லன் காலணியை அங்கேதான் கழற்றிவைத்துவிட்டுப் போவான். வீங்கிய விரல்களுக்கு, வியர்வையில் ஊறி இறுகிய கயிறு மசியவில்லை. அரங்கமே மூச்சடக்கிப் பார்க்கிறது. சற்றுமுன் தோற்ற ஓலெக் திரும்பி வந்து எதிரே மண்டியிடுகிறான். “விடுங்கண்ணே. ஆறு தடவ உங்ககிட்ட தோத்தாச்சு. இந்த முடிச்சையாவது ஜெயிச்சுக்கறேன்.” “ஏழுடா!” என்கிறான் போகுமில். முன்வரிசை வெடித்துச் சிரிக்கிறது. ஓலெக் குனிந்து பல்லால் கடித்து இழுக்க, முடிச்சு அவிழ்கிறது. காலணிகளை வெயிலில் வைத்துவிட்டு எழுந்த போகுமில், ஓலெக்கின் கையைப் பிடித்து உயரத் தூக்குகிறான். “எழுதிக்கங்க நடுவரே, ஏழுக்கு ஒண்ணு!”